கையைக் காட்டச் சொன்னவன்

அத்தியாயம் ஆறு

அன்று காலை அரைக்கண் தன் உதவியாளருக்கு லீவு கொடுத்தார். அவள் கேட்கவே இல்லை. வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத பொருள் தானாக மடியில் வந்து விழுந்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

அந்தத் துப்பறிவாளரை ஊரில் எல்லோரும் அரைக்கண் என்றுதான் சொல்வார்கள். அவருடைய வலது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். ஆள் தூங்குகிறார் என்று நம்பி எதிரில் உட்கார்ந்து உளறிக் கொட்டிய பலர் இன்று கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உதவியாளருக்கு வாயாடி என்று பெயர். அதை வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் வைத்தவர் அவசரப்பட்டுவிட்டார் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. டயர் கடை மாடியில் இருந்த இரண்டு அறை ஆபீசில் அவர் யோசிப்பார், அவள் பேசுவாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே குறையில்லை.

“லீவெல்லாம் எதுக்கு சார்? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“இந்தக் கேஸ்ல நீ வேண்டாம்மா.”

மேஜைமேல் கிடந்த மாலைப் பத்திரிகையை அவர் மெதுவாகக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பார்க்க வேண்டிய அவசியம்கூட அவளுக்கு இல்லை. அதே பக்கத்துக்குச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியவளே அவள்தான்.

முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே படம். கட்டடக் கம்பெனியின் வாசல். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கல்லை ஓங்கி நிற்கிறான். வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கண்ணில் இருக்கும் கோபம் பார்க்கிறவரைச் சுடுகிறது. படத்துக்கு அடியில் பொடி எழுத்தில், எடுத்தவர் என்று அவளுடைய தம்பியின் பெயர்.

“இதுவா கேஸ்? இந்தக் கல்லெறிஞ்ச டிரைவரா?”

“எறியலைன்னு சொல்றாங்க.”

பஸ் டெப்போவை இடித்துவிட்டுக் கடைகள் கட்ட வந்த கம்பெனி அது. டிரைவர்கள் அதன் வாசலில் கூடிக் கோஷம் போட்ட நாளில் எங்கிருந்தோ கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கியது. ஒரு கல் காவலாளியின் தலையில் பட்டு, அந்த மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். யார் எறிந்தது என்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது. மறுநாள் இந்தப் படம் வந்தது. வந்த சூட்டோடு படத்தில் இருந்த டிரைவரை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக் காலை ஜாமீன் மனு. காவலாளி பிழைக்காவிட்டால் வழக்கு கொலை வழக்காக மாறும்.

டிரைவரின் மனைவி வெளி அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். வாயாடி மாடி ஏறி வந்தபோது கால்களை ஒடுக்கி வழி விட்டவள் அவள்தான். மடியில் ஒரு துணிப்பை. புருஷனுக்கு மாற்றுச் சட்டையும் துண்டும் எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போயிருக்கிறாள். இன்று வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையைக் கீழே வைக்கக்கூட மனம் வராமல் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அரைக்கண் கேட்டுக்கொண்டதால் அவள் உள்ளே வந்து கதையை மறுபடி சொன்னாள். எதிரில் நிற்பது யாருடைய அக்கா என்று அவளுக்குத் தெரியாது.

“அவரு கல்லெறியலம்மா. ஒரு போட்டோக்காரத் தம்பி வந்து கூப்பிட்டுச்சாம். முதல்ல கையைக் காட்டுங்கன்னு சொல்லுச்சாம். காட்டியிருக்காரு. அப்புறம் ஒரு கல்லை எடுத்துக் குடுத்து, ஓங்கினாப்ல நில்லுங்கன்னு சொல்லுச்சாம். நின்னிருக்காரு. எடுத்து முடிச்சதும் கல்லைக் கீழ போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. இதைச் சொன்னா ஸ்டேஷன்ல சிரிக்கறாங்க.”

அவள் வெளியே போகும்வரை வாயாடி பொறுத்துக்கொண்டாள். அது அவளுக்குப் பெரிய சாதனை.

“கையைக் காட்டச் சொன்னானாமா? எதுக்கு சார், ஜோசியம் பார்க்கவா? கல்யாணம் எப்போன்னு சொல்லிட்டு அப்புறம் கல்லைக் குடுத்தானா?”

“எனக்கும் அங்கதான் இடிக்குது” என்றார் அரைக்கண். “பொய் சொல்றவன் தனக்கு உதவற மாதிரிதானே சொல்லுவான்? இது எதுக்கும் உதவாத விஷயம். இதைப் போய் எதுக்கு ஒருத்தன் கற்பனை பண்ணணும்?”

தம்பி போலீசில் சொன்னது வேறு. அந்த மனிதரிடம் அவன் பேசியதே இல்லையாம். எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் கொட்டகைக்குள் நின்றிருந்தானாம். அவர் திடீரென்று குனிந்து கல்லை எடுத்தாராம், இவன் பட்டனை அமுக்கினானாம். வாயாடிக்கு அந்த வார்த்தைகள் மனப்பாடம். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவன் அதைச் சொன்னான். அவன் வெட்கப்பட்டு நிறுத்திய இடத்திலெல்லாம் மீதியை அவள் சொன்னாள்.

அரைக்கண் பத்திரிகை ஆபீசுக்குப் போய் விசாரிக்கக் கிளம்பினார். தானும் வருவேன் என்றாள் வாயாடி. தம்பிமேல் பழி விழுகிற இடத்தில் அவனுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்டாள். பேசத்தான் வேண்டாம் என்கிறேன் என்றார் அவர். கடைசியில், வாயைத் திறப்பதில்லை என்ற நிபந்தனையோடு கூட்டிக்கொண்டு போனார். அந்த நிபந்தனைக்கு எவ்வளவு ஆயுள் என்று இருவருக்குமே தெரியும்.

அவருடைய பழைய காரில் போகும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி இந்த இடத்துக்கு வந்து சேர அவன் பட்ட பாட்டில் பாதி அவள் பட்டது. போட்டோ பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று அப்பா கேட்காத நாளில்லை. சித்தப்பா சிபாரிசில் ஒரு கம்பெனியில் உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் ஓடிவந்துவிட்டான். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்தான். கல்யாண வீடுகளில் வேறொருவன் படம் எடுக்க, இவன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். படங்களைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு பத்திரிகை ஆபீசாக ஏறி இறங்கியதில், உள்ளே இருக்கும் ஆசிரியர்களைவிட வாசல் காவலாளிகள்தான் அவனுக்கு அதிகம் பழக்கம். ஒவ்வொரு முறை அப்பா குரலை உயர்த்தியபோதும் நடுவில் போய் நின்றவள் அக்காதான். அவன் பெரிய ஆளாக வராவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று சொந்தபந்தம் கூடியிருந்த ஒரு நாளில் மார்தட்டியிருந்தாள்.

அந்தப் படம் வந்த அன்று அப்பா கடைக்குப் போய்க் கிடைத்த பத்திரிகையெல்லாம் வாங்கி வந்து தெருவில் கொடுத்தார். பத்திரிகை அவனுக்கு நிரந்தர வேலையே தருவதாகச் சொல்லிவிட்டது. இன்று சாயங்காலம்தான் கையெழுத்து.

பத்திரிகை ஆபீசின் படப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. அதன் தலைவி மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றிக்கு மேலே இன்னொரு கண்ணாடியும் வைத்திருந்தார். மூன்றாவது எங்கே என்று கேட்க வாயாடிக்கு நாக்கு துறுதுறுத்தது. நிபந்தனை ஞாபகம் வந்து விழுங்கினாள்.

தலைவிக்கு மறைக்க ஒன்றும் இல்லை. புது ஆட்களிடம் அவர் நல்ல படத்தை மட்டும் பொறுக்கி வாங்குவதில்லை. கேமராவிலிருந்து கழற்றிய கார்டை அப்படியே கொடுக்க வேண்டும், மொத்தமும் பார்த்தால்தான் ஒருவன் எப்படி வேலை செய்கிறான் என்று தெரியும் என்பது அவருடைய சட்டம். இந்தப் பையனும் கொடுத்தான். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவே வரிசையாக எண் போடும்; நடுவில் ஒன்றை அழித்தாலும் எண் தாவிக் காட்டிக்கொடுத்துவிடும். இவன் கார்டில் ஒரு எண்கூடத் தாவவில்லை. சொல்லிக்கொண்டே அவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார்.

கேட்டீர்களா என்பதுபோல வாயாடி அரைக்கண்ணைப் பார்த்தாள். அவர் திரையில் இருந்த டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு சந்தேகம்மா. சூரியன் இவருக்குப் பின்னாடி இருக்கு. என் பேத்தியை ஜன்னல்கிட்ட நிக்க வெச்சு நான் எடுத்தா, மூஞ்சி கரிச்சட்டி மாதிரி வருது. இவரு மூஞ்சி மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு?”

“அதுக்குத்தானே சார் பையனை வேலைக்கு எடுத்தோம்” என்றார் தலைவி. கேமராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் பின்னால் இருக்கும் வெயிலைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும் என்று விளக்கினார். முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று முன்கூட்டியே அளந்து, அதற்குத் தகுந்த மாதிரி கேமராவைத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும்.

“முன்கூட்டியேன்னா? இவரு திடீர்னு கல்லெடுத்ததா உங்க பையன் சொல்றானே?”

தலைவிக்கு முகம் சுருங்கியது. நல்ல போட்டோக்காரன் எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே தயாராகத்தான் இருப்பான், நடந்த பிறகு திருகிக்கொண்டிருந்தால் ஊருக்குப் போன பஸ்ஸைத்தான் படம் எடுக்க முடியும் என்றார். அந்தப் பதில் வாயாடிக்கு மிகவும் பிடித்துப்போனது. தன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது என்று நினைத்தாள்.

அரைக்கண் அசரவில்லை. கல் படத்துக்கு முந்தைய படம் என்ன என்று கேட்டார். தலைவி ஒரு பட்டனைத் தட்டினார்.

திரை முழுக்க மங்கலாக, தோல் நிறத்தில் ஏதோ ஒன்று. ரேகை மங்கிய கோடாகத்தான் தெரிந்தது, நகம் தெரியவில்லை. உற்றுப் பார்த்தபோது, விரல்களை மேலே நீட்டி விரித்த உள்ளங்கையின் உருவம் பிடிபட்டது.

அரைக்கண்ணின் பாதிக் கண் முழுசாகத் திறந்தது. வாயாடி அதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“கை” என்றார் அவர். “கையைக் காட்டச் சொன்னான்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல? இதோ, கல்லுக்கு முன்னாடி கை.”

நிபந்தனையின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

“சார், சார், அது என் தம்பி கை. அவன் கையை அவனே எடுத்திருக்கான். எங்க போனாலும் முதல்ல அதைத்தான் செய்வான். உள்ளங்கைத் தோல்ல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பார்த்து அளவு வெச்சுக்குவான். எங்க வீட்டு விசேஷப் படத்துக்கெல்லாம் முதல் படம் அவன் கைதான். ஆல்பத்தைத் திறந்தாலே கன்னத்துல அறை விழற மாதிரி இருக்குன்னு எங்கப்பா திட்டுவாரு.”

தலைவியும் ஆமோதித்தார். படம் எடுக்கிறவர்கள் பலருக்கு உள்ள பழக்கம்தான் அது. அதை அவர்கள் ஒரு படம் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. பாடகர் தொண்டையைச் செருமிக்கொள்வது போல. பாடி முடித்த பிறகு எத்தனை முறை செருமினீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அரைக்கண்ணின் கண் பழையபடி பாதிக்கு இறங்கியது. டிரைவர் எதிர்ப்பக்கத்தில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்திருப்பார், மாட்டிக்கொண்டதும் அதை வைத்தே கதை கட்டியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருந்தது ஒரே ஒரு நூல். அது அறுந்துவிட்டது. டிரைவரின் வக்கீலுக்குச் சொல்லிவிடுவதாகச் சொல்லி, போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

வாயாடிக்குத் தரையில் கால் பாவவில்லை. அவள் சந்தேகப்பட்டதே இல்லைதான். ஆனாலும் அதை சார் வாயாலேயே கேட்டது தனிச் சந்தோஷம். ஜெயித்தால் ஜெயித்ததைக் காட்டாமல் அவளால் இருக்க முடியாது. மேஜைமேல் இருந்த ஆபீஸ் கேமராவைக் காட்டி, எப்படி எடுப்பான் என்று சாருக்குச் செய்து காட்டட்டுமா என்று கேட்டாள். தலைவி சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

தம்பி சொல்லிக் கொடுத்தபடியே பிடித்தாள். வலது கை கேமராவை இறுக்கிப் பிடிக்க, ஆள்காட்டி விரல் பட்டன்மேல் இருந்தது. இடது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி அமுக்கினாள். கேமராவின் சின்னத் திரையில் மங்கலாக ஒரு கை வந்தது. திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதே மாதிரிதான் இருந்தது. சாரைக் கூப்பிட வாயெடுத்தாள்.

கூப்பிடவில்லை. ஏதோ ஒன்று சரியாக இல்லை.

அவள் எடுத்த படத்தில் கட்டைவிரல் இடது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த கையில் அது வலது ஓரத்தில் இருந்தது.

கையைத் தப்பாகத் திருப்பியிருப்பேன் என்று நினைத்து மறுபடி எடுத்தாள். இடது ஓரம். கையை இன்னும் தள்ளி நீட்டி எடுத்தாள். இடது ஓரம். உள்ளங்கை தெரிகிற மாதிரி அந்த விரலை வலப்பக்கம் கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது. கேமராவை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டிப் பார்த்தாள். இடது கை விரல்கள் கேமராவின் முதுகெல்லாம் தடவின, பட்டன் எட்டவில்லை. கேமரா நழுவியது.

“அம்மா, அது ஆபீஸ் சொத்து” என்றார் தலைவி.

“இடது கைப் பழக்கம் இருக்கறவங்களுக்குன்னு தனி கேமரா இருக்கா மேடம்?”

“நான் பார்த்ததில்ல. இதுல எல்லாம் வலது பக்கம்தான் பட்டன். யாரா இருந்தாலும் வலது கையாலதான் அமுக்கணும்.”

அப்படியானால் தம்பியின் வலது கை கேமராவில் இருந்திருக்கிறது. திரையில் இருப்பதும் வலது கை. ஒருவனுக்கு இரண்டு வலது கை கிடையாது. வேறு யாரோ அவன் எதிரில் வந்து நின்று, அவன் கேட்டுக்கொண்டபடி, கையைக் காட்டியிருக்கிறார்கள்.

அவள் கேமராவை மேஜையில் வைத்தாள். தலைவி வேறு வேலையில் குனிந்துவிட்டார். ஜன்னல் பக்கத்திலிருந்து அரைக்கண்ணின் குரல் கேட்டது. இல்லைங்க வக்கீல் சார், ஒண்ணும் தேறலை, நாளைக்கு நீங்க உங்களால முடிஞ்சதைப் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் இதைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவரே பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பட்டனை ஒரு தட்டு தட்டினால் அடுத்த படம் வந்துவிடும். மாலையில் தம்பி கையெழுத்துப் போட்டுவிடுவான். அப்பா இனிமேல் கத்த மாட்டார். அவள் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அவளுக்கு அந்தத் துணிப்பை ஞாபகம் வந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தாள். தம்பி அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது உண்மையில்லை என்று தெரிந்தது. அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. செய்து காட்டு என்று யார் அவளைக் கேட்டார்கள்?

“சார்” என்றாள். மறுபடி சொன்னாள். “சார், போனை வைக்காதீங்க. வக்கீல் இருக்கட்டும்.”

அரைக்கண் திரும்பினார்.

“அது என் தம்பி கை இல்ல சார். வலது கை அது. அவன் வலது கை பட்டன்ல இருந்திருக்கணும்.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தலைவி தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கைகளைப் பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடி நழுவி விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

“அவன் கொட்டகை நிழல்ல நின்னிருக்கான்” என்றார் மெதுவாக. “அந்த ஆள் வெளியில வெயில்ல நின்னிருக்காரு. ரெண்டு இடத்துலயும் வெளிச்சம் வேற. அங்க தன் கை உதவாது. அந்த மாதிரி நேரத்துல, எடுக்கப்போற ஆளையே கையைக் காட்டச் சொல்லுவோம்.” எத்தனையோ படங்களைப் பார்த்துத் தள்ளிய கண் அவருடையது. இந்தக் கையை மட்டும் அது பார்க்கவே இல்லை.

அரைக்கண் வக்கீலிடம் சுருக்கமாகப் பேசி முடித்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. வாயாடியின் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் விட்டுட்டேன்மா. நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“தெரியும் சார்.”

பதிலுக்கு ஒரு கிண்டல் வரும் என்று பழக்கத்தில் அவர் காத்திருந்திருப்பார் போல. வரவில்லை.

தம்பி அந்தக் கட்டடத்திலேயேதான் இருந்தான். மேல்மாடியில் யாரையோ பார்த்துவிட்டு, படி இறங்கி வந்துகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட புதுச் சட்டை. கேமரா தோளில் தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் அரைக்கண்ணைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய், சுவரில் இருந்த தீயணைக்கும் கருவியின் குறிப்பைப் படிக்க ஆரம்பித்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. கார்டில் இருந்த கையைப் பற்றிச் சொன்னாள். அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். எந்தக் கை என்று கேட்டான். உண்மையாகவே அவனுக்கு அப்படி ஒன்றை எடுத்ததே ஞாபகமில்லை. பிறகு அவனுடைய இடது கை வெளிச்சம் அளப்பதுபோல் தானாக எழுந்து, ஞாபகம் வந்ததும் தாழ்ந்தது. அவள் வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“யாரு கண்டுபிடிச்சது?”

“நான்தான்டா.”

“நீ சொல்லாம இருந்திருந்தா?”

“யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

அவன் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. அது கோபமா அழுகையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

“உன்கிட்ட முதல்ல பேசியிருந்தா அவர்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்டா. உன் மூஞ்சியைப் பார்த்துட்டு என்னால முடியாது. அதனாலதான் கேட்கலை.”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். சத்தமாகவே அழுதாள். அந்த வழியாகப் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக் காலைக்கு முன் அவனாகப் போய்ச் சொன்னால் டிரைவருக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது என்று அரைக்கண் வந்து சொன்னார். அவனை அவர் அதட்டவும் இல்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் மேல்மாடிப் பக்கம் பார்த்தபடி நின்றான். பிறகு அவர்களோடு இறங்கி வந்து, காரின் பின்சீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

போலீஸ் ஸ்டேஷன் போகும் வழியில் அவனாகவே பேச ஆரம்பித்தான். அன்று கூட்டம் உப்புச்சப்பில்லாமல் இருந்ததாம். பாதிப் பேர் கலைந்து போய்விட்டார்கள். இந்த முறையும் வெறுங்கையோடு போனால் இனி எந்தப் பத்திரிகை வாசலையும் மிதிக்க முடியாது என்று தோன்றியதாம். டிரைவருக்கு நல்ல எடுப்பான முகம், கேட்டதும் ஒப்புக்கொண்டார். எடுத்து முடித்து அவர் போன பிறகுதான் கட்டடத்தின் மறுபக்கம் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. இவன் அங்கே ஓடினான். எல்லாப் படத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தான். இவர்தான் எறிந்தார் என்று இவன் யாரிடமும் சொல்லவில்லை. படத்துக்கு அடியில் ஆபீசில் யாரோ அப்படி எழுதினார்கள். அச்சில் பார்த்ததும் பகீரென்றதாம். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தானாம். மறுநாள் போலீஸ் வந்து கேட்டது. அதற்குள் அப்பா தெருவெல்லாம் பத்திரிகை கொடுத்துவிட்டிருந்தார்.

அவள் குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அரைக்கண் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினார். சிக்னலில் கார் நின்றது. தம்பி மடியில் இருந்த கேமராவைப் பார்த்தபடியே இருந்தான்.

“எடுத்ததும் அவர்கிட்ட காட்டினேன்க்கா” என்றான். “நல்லா வந்திருக்கு தம்பின்னாரு. பேப்பர்ல வந்தா சொல்லு, வீட்ல காட்டணும்னாரு.”